ஜவுளிக்கடையில் உங்கள் மூளை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறும் ஒரு குடும்பம், நான்கு பேருக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குள் துணி எடுத்துவிட வேண்டும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று தாமிரபரணிக் கரையூர்களைக் கடந்து நெல்லை டவுன் வந்து சேரும்வரை அந்த முடிவு அசையவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கட்டைப்பைகளோடு ரத வீதியில் இறங்கும்போது பில் 11,300 ரூபாய். யாரும் ஏமாற்றவில்லை. விலையெல்லாம் சீட்டில் அச்சடித்தே இருந்தது. கூட்டல் தெரியாதவர் அந்தக் குடும்பத்தில் இல்லை. பிறகு அந்த 3,300 ரூபாய் எந்த வழியாக உள்ளே நுழைந்தது?

‘மனசைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை’ என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது வழக்கம். உளவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கண்டுபிடித்திருப்பது அதைவிடச் சுவாரசியமானது. பணத்தை நிறுத்துப் பார்க்க மூளை ஒரு விசித்திரமான முறையை வைத்திருக்கிறது. அந்த முறை தெரிந்துவிட்டால், துணிக்கென்று ஒதுக்கிய பணத்துக்குள் நிற்பது பாதி கைவந்த மாதிரிதான்.

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிரையன் நட்சனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது மூளையின் எந்தப் பகுதிக்கு அந்தக் கணத்தில் ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று காட்டும் கருவி. அதற்குள் ஆட்களைப் படுக்கவைத்து, முதலில் ஒரு பொருளைச் சில நொடிகள் காட்டினார்கள். அடுத்த சில நொடிகள் விலை. அதன் பிறகு, ‘வாங்கலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று பொத்தானை அழுத்த வேண்டும். பிடித்த பொருளைப் பார்த்ததும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்னும் சிறு பகுதி விழித்துக்கொண்டது. ‘நல்லது ஒன்று கிடைக்கப்போகிறது’ என்ற எதிர்பார்ப்பு சுரக்கும் இடம் அது. விலை அதிகம் என்று பட்டதும் இன்சுலா என்னும் வேறொரு பகுதி கிளர்ந்தது. உடம்பு வலிக்கும்போதும் துர்நாற்றம் அடிக்கும்போதும் வேலை செய்கிற அதே இன்சுலா! பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, இந்தப் பகுதிகளின் நடமாட்டத்தைப் பார்த்து அவர் வாங்குவாரா மாட்டாரா என்று ஆய்வாளர்களால் ஓரளவு கணிக்க முடிந்தது.

ஆக, கொள்முதல் என்பது கூட்டல் கழித்தல் அல்ல; ஆசையும் சின்ன வலியும் சில நொடிகள் மோதிக்கொள்வது. அந்த மோதலில் கலந்துகொள்வது கண்முன் இருக்கும் ஒரு சட்டையும் அதன் விலையும்தான். பஸ்ஸில் பேசி வைத்த எட்டாயிரம் அங்கே தானாக வந்து நிற்பதில்லை. நாம்தான் கூப்பிட்டு நிறுத்த வேண்டும்.

பணம் கொடுக்கும்போது வரும் அந்த வலியைக் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மீதிப் பேர் கிரெடிட் கார்டில் கட்டலாம். பொருள் ஒன்றுதான், ஆட்களும் ஒரே தரப்புதான். ஆனால் கார்டுக்காரர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். ரொக்கம் கொடுக்கும்போது நோட்டை எண்ணுகிறோம், நீட்டுகிறோம், பர்ஸ் மெலிவதைக் கண்ணால் பார்க்கிறோம். இன்சுலாவுக்கு மூன்று முறை தகவல் போகிறது. 2016-ல் வந்த யுபிஐ எத்தனையோ பேருக்கு வாழ்க்கையை எளிதாக்கியிருக்கிறது. ஆனால் அதில் 300 ரூபாய்க்கும் 3,000 ரூபாய்க்கும் விரல் செய்யும் வேலை ஒன்றுதான். துணி எடுக்கப் போகும் அன்று மட்டுமாவது ரொக்கம் கொண்டுபோவது இதனால்தான் பலன் தருகிறது.

ரொக்கத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் சில மாணவர்களுக்கு ஒரு டாலர் நோட்டும், மற்றவர்களுக்கு நான்கு கால் டாலர் நாணயங்களும் கொடுத்தார்கள். விருப்பப்பட்டால் மிட்டாய் வாங்கலாம். நாணயம் வைத்திருந்தவர்களில் 63 சதவீதம் பேர் செலவழித்தார்கள். நோட்டு வைத்திருந்தவர்களில் 26 சதவீதம் பேர்தான். முழு நோட்டை ‘உடைக்க’ மனம் வருவதில்லை. உடைத்துவிட்டால் சில்லறை தங்குவதும் இல்லை.

இனி கடைக்குள் போவோம். ஜவுளி விற்பதில் நெல்லைக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆரெம்கேவி 1924-ல் இங்கேதான் தொடங்கியது. இந்த ஊர் விற்பனையாளர்களின் கைலாகவம் எனக்கு எப்போதுமே வியப்பு. மடித்த சேலையின் ஒரு ஓரத்தைப் பிடித்து உதறினால் முந்தி, உடல், கரை மூன்றும் ஒரே வீச்சில் பாய்மேல் விரிந்து கிடக்கும். “எக்கா, சும்மா தோள்ல போட்டுப் பாருங்க. எடுக்கணும்னு இல்ல.” இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழு ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. ஜோன் பெக், சுசான் ஷு இருவரும் 2009-ல் காட்டியது இதுதான்: ஒரு பொருளைத் தொட்ட மாத்திரத்தில், வாங்காமலே அது ‘நம்முடையது’ என்ற உணர்வு மெல்ல வந்துவிடுகிறது. அதன் மதிப்பும் நம் கண்ணுக்கு ஏறிவிடுகிறது. தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்த சேலையைத் திருப்பிக் கொடுப்பது, வாங்காமல் விடுவதாகப் படுவதில்லை. கையில் இருந்ததை இழப்பதாகப் படுகிறது. விற்பவர் தன் தொழிலைச் செம்மையாகச் செய்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் பக்கத்துத் தற்காப்பு எளிது. விலைச்சீட்டை முதலில் பார்ப்பது, பிறகு தொடுவது.

விலைச்சீட்டும் வெறும் எண் அல்ல. 999 என்று போட்டிருப்பதை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். முதல் இலக்கம் 9 என்று பதிந்துவிட்ட பிறகு, 1,000 ரூபாயிலிருந்து அது ஒரு ரூபாய்தான் குறைவு என்பது உள்ளே இறங்குவதில்லை. இடது இலக்கம் மாறும்போது மட்டும் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது என்பதை மனோஜ் தாமஸ், விக்கி மார்விட்ஸ் இருவரும் 2005-ல் சோதித்துக் காட்டினார்கள். 599-க்கும் 600-க்கும் உள்ள இடைவெளி, 558-க்கும் 559-க்கும் உள்ளதைவிட அகலமாகத் தோன்றும். இரண்டும் ஒரு ரூபாய்தான்.

அடுத்தது ஆடித் தள்ளுபடி. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். தேங்கிய சரக்கை நகர்த்தத் தொடங்கிய பழக்கம் இன்று ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. சீட்டில் 2,400 அடிக்கப்பட்டு 1,440 என்று எழுதியிருக்கும்போது மூளையில் நடப்பதற்கு நங்கூர விளைவு என்று பெயர். முதலில் கண்ணில் படும் எண் நங்கூரம் பாய்ச்சிவிடும், பின்வரும் மதிப்பீடெல்லாம் அதைச் சுற்றியே மிதக்கும். 1974-ல் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் வெளியிட்ட சோதனை இன்றும் மலைக்க வைக்கிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண் எடுத்தார்கள். அது 10-லோ 65-லோதான் நிற்கும்படி முன்பே அமைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்தவர்களின் நடுத்தர மதிப்பீடு 25. 65 வந்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், இருந்தும் இழுத்தது. அடிக்கப்பட்ட 2,400 நம்மை இழுக்காதா? அதற்கு மருந்து, வீட்டிலேயே நம் நங்கூரத்தைப் போட்டுவிடுவது. ‘பையனுக்குச் சட்டை, 700’ என்று தாளில் எழுதிக் கொண்டுபோனால், ஒப்பிட வேண்டிய எண் கடையினுடையதாக இல்லாமல் நம்முடையதாக இருக்கும்.

எனக்கு இவற்றிலெல்லாம் மிகவும் பிடித்தது, 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் வேபர் எடைக்கற்களை வைத்துக் கண்டுபிடித்த விதி. கையில் ஒரு எடை இருக்கிறது. கொஞ்சம் கூட்டினால் தெரியுமா? எவ்வளவு கூட்டுகிறோம் என்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் எடையில் அது எத்தனை பங்கு என்பதுதான் முக்கியம் என்று அவர் கண்டார். நூறு கிராமோடு பத்து கிராம் சேர்த்தால் கை உடனே சொல்லிவிடும். ஐந்து கிலோவோடு அதே பத்து கிராமைச் சேர்த்தால் சொல்லாது. எடைக்குச் சொன்ன விதி ஒளிக்கும் ஒலிக்கும் பொருந்தியது. பணத்துக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. 400 ரூபாய்க்குச் சட்டை எடுக்கும்போது இன்னொரு 400 என்றால் யோசிக்கிறோம். ஆறாயிரத்துக்குப் பட்டு எடுத்த கையோடு, ‘இதுக்கு மேட்ச்சா ஒரு கைப்பை, 400 தான்’ என்றால் யோசிப்பதே இல்லை. நானூறு நானூறுதான், அது நிற்கும் தட்டுத்தான் மாறிவிட்டது.

இதிலிருந்து வரும் யோசனை மிகச் சின்னது. ஆனால் கடைக்குள் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் அதுதான் என்று நினைக்கிறேன். சின்னத் துணியை முதலில் எடுங்கள், பெரிய துணியைக் கடைசியில் எடுங்கள். குழந்தைகளின் உடை, உள்ளாடை, வேட்டி, துண்டு எல்லாம் முடிந்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்த பிறகு பட்டுப் பிரிவுக்குப் படியேறினால், மூளையின் தராசு அதுவரை நூறுகளிலேயே பழகியிருக்கும். வரிசையை மாற்றினால் அது ஆயிரங்களில் பழகிவிடும், பின்னால் வரும் நூறுகள் கண்ணில் படாது.

சேலையின் விலை சேலையோடு முடிவதும் இல்லை. ஃபால்ஸ் தைக்க வேண்டும், முந்தியில் குஞ்சம் கட்ட வேண்டும், ஜாக்கெட்டுக்கு லைனிங், தையல்கூலி, உள்பாவாடை. ஆயிரம் ரூபாய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசல் தாண்டும்போது அது 1,700, 1,800 ஆகியிருக்கும். ஒரு வேலையைத் திட்டமிடும்போது எல்லாம் சுமுகமாக நடந்துவிடும் என்றே நினைத்து நேரத்தையும் செலவையும் குறைத்து மதிப்பிடும் பழக்கத்தை, கானமனும் ட்வெர்ஸ்கியும் திட்டமிடல் பிழை என்று அழைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தையல்காரரிடம் போகிறோம். ஒவ்வொரு தடவையும் அவருடைய கூலி கணக்கில் இருப்பதில்லை.

இதன் மூத்த சகோதரி ஒன்று உண்டு. அபிகேல் சஸ்மன், ஆடம் ஆல்ட்டர் என்ற இருவர் 2012-ல் அதைப் படம்பிடித்தார்கள். அன்றாடச் செலவை நாம் நன்றாகவே மதிப்பிடுகிறோம், ‘எப்போதாவது ஒருமுறை’ என்ற செலவுகளில்தான் தவறுகிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனி விதிவிலக்காகப் பார்ப்பதால், அவை எத்தனை விதிவிலக்குகள் என்பது தெரிவதில்லை. நம் பக்கத்து ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல், ஊர்க் கோயில் கொடை, ஆனித் தேரோட்டம், தீபாவளி, நடுவில் இரண்டு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு காதுகுத்து, ஒரு பால்காய்ப்பு. இதில் எது எதிர்பாராதது? எந்தக் குடும்பம் எந்த வருடம் எல்லாவற்றிலிருந்தும் தப்பியது?

ஆகவே துணிக்கு மாதக் கணக்கு போடக் கூடாது, வருடக் கணக்குத்தான் போட வேண்டும். இதற்கும் ஆய்வு இருக்கிறது. மேலே சொன்ன மனோஜ் தாமஸும் விக்கி மார்விட்ஸும் குல்டென் உல்குமெனுடன் சேர்ந்து 2008-ல் வெளியிட்டது. அடுத்த மாதச் செலவைச் சொல்லச் சொன்னால் மக்கள் உறுதியோடு, ஆனால் குறைத்துச் சொல்கிறார்கள். அடுத்த வருடச் செலவைக் கேட்டால் ‘சரியாகத் தெரியாதே’ என்று தயங்கி, அந்தத் தயக்கத்தாலேயே கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல்தான் அவர்களை உண்மைக்கு அருகில் கொண்டுபோகிறது. நம்பிக்கை குறையும்போது கணக்கு சரியாகிறது! குடும்பத் துணிச்செலவு வருடத்துக்கு 24,000 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 65 ரூபாய் சொச்சம், நான்கைந்து டீ விலை. அப்படிப் பார்த்தால் தாங்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. ஐப்பசியில் ஒரே நாளில் வந்து இறங்கும்போதுதான் கனக்கிறது.

அந்தப் பணத்தை எங்கே வைப்பது? பணத்துக்கு நிறமில்லை, எந்த ரூபாயும் எந்தச் செலவுக்கும் போகலாம் என்கிறது பொருளியல் பாடம். மனம் அப்படி நினைப்பதில்லை. மளிகைப் பணம், பள்ளிக்கூடப் பணம், துணிப் பணம் என்று உள்ளுக்குள் தனித்தனிப் பேரேடு எழுதுகிறது. இதை மனக்கணக்கியல் என்று விளக்கிய ரிச்சர்ட் தேலருக்கு 2017-ல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தப் பரிசும் இல்லாமல் செய்துவந்தார்கள். அரிசிப் பானைக்குள் ஒரு முடிச்சு, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒரு மடிப்பு என்று சேர்த்த சிறுவாட்டுப் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் தீபாவளிச் சட்டை வந்திருக்கிறது! அது ஒளித்துவைத்தல் மட்டுமல்ல, பிரித்துவைத்தல். திலீப் சோமன், அமர் சீமா என்ற ஆய்வாளர்கள் இந்தியக் கட்டடத் தொழிலாளர்களிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட சோதனை இதற்குச் சாட்சி. சேமிப்புப் பணத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரே உறையில் போட்டதைவிட இரண்டாகப் பிரித்துப் போட்டபோது அதிகம் மிஞ்சியது. உறைமேல் அவர்களுடைய பிள்ளைகளின் படம் இருந்தபோது இன்னும் கூடுதலாக நின்றது. கிழிக்க வேண்டிய ஒவ்வொரு உறையும் ‘நிஜமாகவே வேண்டுமா?’ என்று ஒருமுறை கேட்கிறது.

எடுத்த துணி மலிவா என்பதையும் கடையில் முடிவு செய்ய முடியாது, அலமாரிதான் சொல்லும். 450 ரூபாய் பாலியஸ்டர் சட்டையை ஒன்பது தடவை போட்டுவிட்டு ஒதுக்கினால் தடவைக்கு 50 ரூபாய். 900 ரூபாய்ப் பருத்திச் சட்டையைத் தொண்ணூறு தடவை போட்டால் தடவைக்குப் பத்து ரூபாய். நெல்லை வெயிலில் எது ஒதுங்கும் என்பதை இழை அறிவியல் முன்கூட்டியே சொல்கிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழைக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். 200 கிராம் சட்டை என்றால், பருத்திக்குள் 17 கிராம் நீர், பாலியஸ்டருக்குள் ஒரு கிராம்கூட இல்லை. சித்திரை மதியத்தில் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும் முதுகுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பாபநாசத்து அருவியின் விசையை வைத்து 1880-களிலேயே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி ஆலை நூல் நூற்ற பள்ளத்தாக்கு இது. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நன்றாக நெய்த துணி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. குறைவாக எடுத்து அதிகம் உடுத்த வேறென்ன வேண்டும்?

கடைசி வியப்பு, பணத்தை எப்போது கொடுக்கிறோம் என்பது. 1998-ல் பிரெலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஆறு மாதத் தவணையைப் பொருள் வருவதற்கு முன்பே கட்டுவீர்களா, வந்த பிறகு கட்டுவீர்களா? துணி துவைக்கும் இயந்திரம் என்றால் பெரும்பாலோர் ‘பிறகு’ என்றார்கள். விடுமுறைப் பயணம் என்றால் ‘முன்பே’ என்றவர்கள்தான் அதிகம். மகிழ்ச்சிக்கான செலவைக் கட்டி முடித்துவிட்டு அனுபவித்தால், அது இலவசமாகக் கிடைத்தது போலவே ருசிக்கிறது. கடன் இருந்தால் ஒவ்வொரு தவணையும் அந்த ருசியை வந்து கெடுக்கிறது. பண்டிகைத் துணி எந்த ரகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அது மட்டுமா? 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், மூளையின் டோபமின் செல்கள் பழரசம் வாயில் விழும்போது துடிப்பது மாறி, ‘ரசம் வரப்போகிறது’ என்று சொல்லும் விளக்கு எரியும்போதே துடிக்கப் பழகின. முன்கூட்டியே கட்டுகிறவர் மாதாமாதம் அந்த விளக்கை ஒருமுறை ஏற்றிக்கொள்கிறார்.

தெருவுக்குத் தெரு நடந்த தீபாவளிச் சீட்டுகள் இந்த அறிவின்மேல்தான் நின்றன. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இதையே ‘கனவு நனவுத் திட்டம்’ என்று நடத்துகிறது. மாதாமாதம் ஒரு தொகை கட்டிவந்தால், முடிவில் தன் பங்காகவும் தவணை சேர்த்து, துணியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சீட்டுப் பிடிக்கிறவர் ஓடிப்போன கதைகளும் நம் ஊர்களில் உண்டு. ஆகவே முன்பின் தெரியாதவரிடம் கட்டாதீர்கள். கூட்டுறவுக் கடை, வங்கித் தொடர்வைப்பு, இல்லையென்றால் ஒட்டி வைத்த உறை, இவற்றில் எதுவும் போதும்.

உங்கள் வீட்டின் போன வருடத் துணிச்செலவை, தையல்கூலியோடு, கல்யாணங்களோடு சேர்த்து, ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதோ, அந்த எண்ணால் வகுங்கள். வரும் தொகையில் முதல் தவணையை, முடிந்தால் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாகவே, இந்த மாதமே தனியே எடுத்து வையுங்கள்.